வைக்கோலோடு போகும் வயல்

இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் பிடித்து வையுங்கள். வயலின் நடுவிலிருந்து ஒரு மண்கட்டி, அதே வயலின் வேலியோரம் நிற்கும் புங்கமரத்தடியிலிருந்து ஒரு மண்கட்டி. எலுமிச்சங்காய் அளவு இருந்தால் போதும். இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவிட்டு, டம்ளருக்கு ஒன்றாக மெல்ல இறக்குங்கள். மரத்தடிக் கட்டி நாலைந்து குமிழிகளை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். வயல் கட்டி இரண்டு மூன்று நிமிடத்தில் பொலபொலவென்று சரிந்து அடியில் சேறாகப் படியும்.

இரண்டும் ஒரே நிலத்து மண்தான். நடுவில் இருபது முப்பது அடி தூரம் இருக்குமா? மணலும் வண்டலும் களியும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே கணக்கில்தான் கலந்திருக்கும். ஆனால் மரத்தடியில் விழுந்த இலை விழுந்த இடத்திலேயே மக்கியது. அங்கே யாரும் உழவில்லை, எதையும் அள்ளிக்கொண்டு போகவில்லை. வயலில் விளைந்ததோ வருஷத்துக்கு இரண்டு தடவை அறுத்து அள்ளப்பட்டது. அள்ளியதற்கு ஈடாக வயலுக்குத் திரும்பியது என்ன என்பதைத்தான் அந்த டம்ளர் காட்டுகிறது.

டம்ளரில் கரைந்த கட்டி மழையிலும் அப்படித்தான் கரையும். கரைந்த துகள் மண்ணின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாக ஓடும். மறுநாள் வெயிலில் மேல்மண் ஓடுபோல இறுகும். அதை முட்டித் திறக்க முடியாமல் முளை உள்ளேயே வளைந்து செத்துப்போகும். விதை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

நல்ல மண்ணில் கன அளவில் பாதிதான் திடப்பொருள். மீதிப் பாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் பாதி தண்ணீர், பாதி காற்று. விவசாயம் நடப்பது அந்த வெற்றிடத்தில்தான் என்று சொன்னால் தவறில்லை. வேர் மூச்சு விடுவதும், தண்ணீர் தங்குவதும், மண்புழு நகர்வதும், நுண்ணுயிர் பெருகுவதும் அங்கேதான். அந்த வெற்றிடம் நொறுங்காமல் காப்பது மட்கு. மக்கிய இலையும் வேரும் சாணமும் கடைசியில் வந்து சேரும் கறுப்புப் பொருள் அது. அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் பசையைக் கசியவிடும். பூஞ்சை இழைகள் துகள்களை நூல்போலச் சுற்றிக் கட்டும். மரத்தடிக் கட்டியைத் தண்ணீரில் கரையாமல் பிடித்து வைத்தவை இந்தப் பசையும் நூலும்தான்.

மண் வள அட்டையில் இதற்கு 'அங்ககக் கரிமம்' என்று பெயர். தமிழ்நாட்டு மண்ணில் அது 1971ல் 1.20 சதவிகிதமாக இருந்து 2002ல் 0.68 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது என்பது வேளாண் துறை வட்டாரத்தில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. ஒன்றுக்கும் அரைக்கும் நடுவிலுள்ள இந்தச் சின்ன எண்ணில்தான் இந்தக் கட்டுரையின் கவலை முழுவதும் இருக்கிறது.

தை மாதத்து லாரிகள்

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் திருவாரூர், மன்னார்குடி பக்கம் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அறுவடை இயந்திரம் ஒரு பக்கம் நெல்லைக் கொட்டிவிட்டுப் போகும். பின்னாலேயே வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்து உருளை உருளையாகச் சுருட்டி வைக்கும். சாயங்காலத்துக்குள் லாரி வரும். தலைக்கு மேல் வீடுபோல அடுக்கிய வைக்கோல் கட்டுகளோடு லாரிகள் மேற்கே போகும். நிறைய வைக்கோல் கேரளத்து மாட்டுத் தொழுவங்களுக்குப் போகிறது.

அந்த லாரியில் போவது என்ன என்று எடைபோட்டுப் பார்க்கலாம். ஒரு டன் வைக்கோலில் 400 கிலோ அளவுக்குக் கரிமம் இருக்கும். தழைச்சத்து 5 முதல் 8 கிலோ. சாம்பல் சத்து 12 முதல் 17 கிலோ. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் சாம்பல் சத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது, மணியில் இல்லை. இலையை விறைப்பாக நிறுத்தி, குலைநோயைத் தாங்க உதவும் சிலிக்காவும் வைக்கோலில்தான் அதிகம். நெல்லை மட்டும் விற்றோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிலத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அனுப்பியிருக்கிறோம்.

கேரளத்து மாடுகள் தின்னட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மாடுகளின் சாணம் மன்னார்குடிக்குத் திரும்பி வருவதில்லை. முன்பு வைக்கோல் வீட்டுப் போரில் ஏறியது, வீட்டு மாடு தின்றது, சாணம் குப்பைக்குழிக்குப் போனது, கோடையில் வண்டிகட்டி வயலில் கொட்டி இறைத்தார்கள். டிராக்டர் வந்ததும் உழவு மாடு போனது. உழவு மாடு போனதும் வைக்கோல்போர் போனது. குப்பைக்குழி இருந்த இடத்தில் இன்று பல வீடுகளில் பைக் நிற்கிறது. ஒரு சங்கிலியின் முதல் கண்ணி அறுந்ததும் மற்றவை தாமாகக் கழன்றன.

அப்படியானால் வைக்கோலை வயலிலேயே விட்டு மடக்கி உழுதால் என்ன? சொல்வது சுலபம். வைக்கோலில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பச்சை வைக்கோலை உழுதுவிட்டு மறுவாரமே நட்டால் பயிர் மஞ்சளடித்து நிற்கும். இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும். தேங்கிய சேற்றில் அது மக்கும்போது மீத்தேன் வேறு வெளியேறும். டெல்டாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சம்பா அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, ஈரம் இருக்கும்போதே உளுந்து, பயறு தெளித்துவிடுவார்கள். அறுவடை இயந்திரம் இறக்கிப்போட்ட வைக்கோல் வரிசை முளைத்த உளுந்தை மூடி அழுத்தும். அதை அகற்றித்தான் ஆகவேண்டும். வைக்கோலை விற்கிற விவசாயியை அறியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் வழிகள் அவ்வளவுதான்.

உளுந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அறுத்த தாளுக்கு நடுவில் உரமில்லாமல், பாசனமில்லாமல், மிச்ச ஈரத்திலும் பனியிலும் விளைகிற பயிர் அது. வேர் முடிச்சுகளில் இருக்கும் ரைசோபியம் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. மூன்று மாதத்தில் காசும் தந்து, வேரையும் உதிர்ந்த இலையையும் மண்ணுக்கு விட்டுப்போகும் பயிர் டெல்டாவில் வேறு எது? அதன் பரப்பு குறையும் ஒவ்வொரு வருஷமும் மண்ணுக்கு இழப்பு.

1909

அந்த ஆண்டு ஜூலையில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற வேதியியலாளர், காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்துச் சொட்டுச் சொட்டாக அமோனியா இறங்குவதை ஒரு நிறுவனத்தாருக்குச் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெரிதாக்க, 1913ல் உற்பத்தி தொடங்கியது. இன்றைய யூரியா மூட்டையின் பிறப்பு அதுதான். உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் சோறு அந்தக் கண்டுபிடிப்பின் தயவில் இருக்கிறது. ரசாயன உரத்தை நஞ்சு என்று ஒரே சொல்லில் தள்ளுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

அதே 1909ல், சைதாப்பேட்டையிலிருந்து இடம் மாறி வந்த கோவை வேளாண் கல்லூரியில் சில பாத்திகளை அளந்து பிரித்தார்கள். ஒரு பாத்திக்கு எதுவுமே போடக்கூடாது. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து, ஒன்றுக்கு சாம்பல் சத்து, சிலவற்றுக்கு இரண்டும் மூன்றும் சேர்த்து, ஒன்றுக்குத் தொழுவுரம். ஆண்டுக்கு ஆண்டு மாற்றாமல் அதையே தொடரவேண்டும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843 முதல் நடந்துவரும் சோதனையின் வழியில் தொடங்கிய நிரந்தர உரச்சோதனை இது. 1925ல் பக்கத்திலேயே புதிதாக இன்னொன்றும் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் யாரும் இன்று இல்லை. கல்லூரி பல்கலைக்கழகமாகிவிட்டது. ஒரு மனிதரின் ஆயுளுக்குள் முடியாத கேள்வியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகும் இந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

1970களில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் பல மண்வகைகளில் இத்தகைய நெடுங்காலச் சோதனைகளை விரித்தது. கோவையில் 1972 முதல் கேழ்வரகும் மக்காச்சோளமும் மாறி மாறி விளைகின்றன. இமாச்சலத்தின் பாலம்பூரில் மக்காச்சோளமும் கோதுமையும். பாலம்பூர் தந்த பாடம்தான் மிகக் கடுமையானது. யூரியா மட்டும் இட்ட பாத்திகள் முதலில் நன்றாகவே விளைந்தன. பிறகு மகசூல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஏறக்குறைய ஒன்றுமே விளையவில்லை. எதுவுமே போடாத பாத்தியைவிட மோசம். யூரியா மண்ணில் மாற்றமடையும்போது அமிலம் பிறக்கிறது. அங்குள்ள மண் ஏற்கெனவே அமிலத்தன்மை கொண்டது. ஈடுகட்டச் சுண்ணாம்புச்சத்து அதில் இல்லை. நம் சமவெளி மண் பெரும்பாலும் காரத்தின் பக்கம் இருப்பதால் இந்தச் சேதம் இங்கே அவ்வளவு வேகமாகக் கண்ணில் படுவதில்லை. படவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது.

எல்லா இடத்திலும் நிலைத்து நின்றது ஒன்றுதான்: தழை, மணி, சாம்பல் மூன்றையும் அளவாகக் கொடுத்து, கூடவே தொழுவுரமும் இட்ட பாத்தி. இயற்கை விவசாயமா, ரசாயன விவசாயமா என்று மேடைக்கு மேடை நடக்கும் வழக்காடலுக்கு நடுவில், இந்தப் பாத்திகள் பல காலமாகத் தங்கள் பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கறுப்பு, சிவப்பு, வெள்ளை

மண்ணைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கோவில்பட்டிக்குச் சொன்னது சிவகங்கைக்குப் பொருந்தாது.

கரிசலை எடுத்துக்கொள்வோம். கறுப்பாக இருப்பதால் அதில் மட்கு நிறைந்திருக்கும் என்று நினைப்போம். உண்மையில் பல கரிசல் நிலங்களில் அங்ககக் கரிமம் அரை சதவிகிதம்கூட இல்லை. நிறம் வளத்துக்குச் சான்று ஆகாது. கரிசலின் பலம் அதன் களியில் இருக்கிறது. அந்தக் களித் துகள்கள் அடுக்கடுக்கான தகடுகள். நடுவில் தண்ணீரை வாங்கி உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். மேல்மண் பொடி அந்த வெடிப்பில் விழும், மழை வந்ததும் மண் மீண்டும் உப்பி அதை விழுங்கும். நிலம் தன்னைத்தானே மெல்லப் புரட்டிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை வயிற்றில் வாங்கி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் பருத்திக்கும் சோளத்துக்கும் கொத்தமல்லிக்கும் ஊட்டிக்கொண்டிருக்கும். கோவில்பட்டியில் 1901லிருந்து ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. 1960களில் அங்கே வேலை பார்த்த நம்மாழ்வார், மானாவாரி விவசாயிக்கு உதவாத ஆராய்ச்சி என்று மனம் வெறுத்து 1969ல் வெளியேறினார். தமிழ்நாட்டில் மண்ணைப் பற்றிய பேச்சைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் அவர்.

செம்மண் வேறு சாதி. இரும்பின் நிறம் அது. அதன் களி உப்பாது, சத்தையும் அதிகம் பிடித்துவைக்காது. போட்ட உரம் ஒரு மழையில் கீழே இறங்கிவிடும். ஒரு தடவையில் கொட்டாமல் பிரித்துப் பிரித்துப் போடவேண்டிய மண். இந்த மண்ணுக்கு நம் முன்னோர் கண்ட மருந்து கரம்பை. ஏரி, கண்மாய் வற்றியதும் அடியில் படிந்த வண்டலை வெட்டி வண்டி வண்டியாக வயலில் அடிப்பார்கள். மேட்டிலிருந்து மழை அரித்துக்கொண்டு போன களியையும் மட்கையும் திரும்ப மேட்டுக்கே கொண்டுவரும் வேலை அது. ஏரியும் ஆழமாகும், வயலும் தேறும். ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்க இப்போது அரசு அனுமதிக்கிறது. அந்தப் பெயரில் செங்கல் சூளைக்கும் மனைக்கும் போகும் லாரிகளைத் தடுக்க ஊரார் கண்காணிப்பு வேண்டும். காவிரி டெல்டாவுக்கோ இந்த வண்டலை ஆறே கொண்டுவந்து கொட்டியது. 1934ல் மேட்டூர் அணை முடிந்த பிறகு அதில் பெரும்பங்கு அணைக்குள் படிந்துவிடுகிறது. அணையால் வந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆறு இலவசமாகப் போட்ட எருவுக்கு ஈடாக வயலுக்கு வேறு எதையும் நாம் கொடுக்கவில்லை.

இனி வெள்ளை. இங்கே தமிழ் விவசாயியின் சொல்வளத்தைச் சொல்லியே ஆகவேண்டும். உவர் என்று ஒன்று, களர் என்று ஒன்று. வெளியூர்க்காரருக்கு இரண்டும் உப்பு மண்தான். உவரில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். வெயிலில் மேலே வெள்ளைப் பூப் பூக்கும். நல்ல தண்ணீரைக் கட்டி, வடிகால் வெட்டி, உப்பைக் கழுவி இறக்கினால் போதும். 2004 சுனாமியில் கடல் ஏறிய நாகப்பட்டினத்து வயல்கள் அப்படித்தான் அடுத்தடுத்த மழைகளில் மீண்டன. களர் அப்படியில்லை. அதில் சோடியம் களித் துகள்களையே பிடித்துக்கொண்டிருக்கும். கார அமிலத்தன்மை 8.5ஐத் தாண்டும். தொடக்கத்தில் சொன்ன டம்ளரில் களர்க் கட்டியைப் போட்டுப் பாருங்கள். சரிவதோடு நிற்காது. தண்ணீர் பால்போலக் கலங்கி, மணிக்கணக்கில் தெளியாது. எவ்வளவு தண்ணீர் கட்டிக் கழுவினாலும் அந்த மண்ணில் தண்ணீர் இறங்காது. ஜிப்சம் இடவேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். பிறகுதான் கழுவுவது. உவருக்கு ஜிப்சம் வாங்கிக் கொட்டுவது வீண் செலவு, களரை வெறும் தண்ணீரால் கழுவுவது வீண் உழைப்பு. திருச்சி மணிகண்டம் பக்கம் இந்தக் களர் நிறைய. அங்கேயே நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் வேளாண் கல்லூரி, களரைத் தாங்கும் 'டி.ஆர்.ஒய்.' நெல் ரகங்களைத் தந்திருக்கிறது.

களரில் நட்ட மூன்றாம் வாரம் நெல் இலையில் துருப்பிடித்தாற்போலப் புள்ளி விழுந்தால் அது பெரும்பாலும் துத்தநாகக் குறை. நோய் என்று மருந்தடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பந்த்நகரில் யஷ்வந்த் நேனே 1966ல் இதைக் கண்டு சொன்னார். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டில் தீர்கிற காரியம்.

மூட்டையின் விலையும் எருவின் விலையும்

2015ல் தொடங்கிய மண் வள அட்டை நல்ல முயற்சி. பன்னிரண்டு அளவுகளை அச்சிட்டுத் தருகிறது. ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது அதன் கணக்கு. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் இருக்கும் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர். மூன்று பேர் நிலத்துக்கு ஒரே சீட்டு. ஒருவர் பத்து வருஷமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுதிருப்பார். பக்கத்து வயல்காரர் யூரியா தவிர எதையும் தொட்டிருக்க மாட்டார். தவிர, அந்தப் பன்னிரண்டும் வேதியியல் அளவுகள். மண் கட்டுக்கோப்பாக இருக்கிறதா, தண்ணீர் இறங்குகிறதா, டிராக்டர் சக்கரத்தின் கீழ் அடிமண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதற்கு அட்டையில் இடமில்லை.

விலையைப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஒரு கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கிறது. ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரம் இடச் சொல்கிறார்கள். அதில் மொத்தமே 25 கிலோ தழைச்சத்துதான், அதிலும் ஒரு பகுதியே முதல் போகத்துக்குக் கிடைக்கும். அதே 25 கிலோவை யூரியாவாக வாங்க 325 ரூபாய் போதும். ஐந்து டன் எருவை ஏற்றி, இறக்கி, இறைக்கிற கூலி மட்டும் அதைப்போலப் பல மடங்கு. 2010ல் மத்திய அரசு மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலையைச் சந்தையோடு கட்டிவிட்டு, யூரியாவை மட்டும் பழைய விலைக் கட்டுப்பாட்டிலேயே வைத்தது. எது மலிவோ அதை அதிகம் போடுவது மனித இயல்பு. தேங்கிய நீரில் போட்ட யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது 30 முதல் 40 சதவிகிதம். மீதி காற்றிலும் தண்ணீரிலும் போகிறது. எருவை வெறும் தழைச்சத்துக் கிலோவாக எடைபோடுகிற இந்த விலைக்கணக்கில்தான் பிழை இருக்கிறது. எருவோடு வரும் கரிமத்துக்கு யாரும் விலை வைக்கவில்லை.

அந்தக் கரிமத்தைத் திரும்பச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்றும் தெரிந்திருக்கவேண்டும். ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண்ணின் எடை ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. அதில் கரிமத்தை 0.1 சதவிகிதம் உயர்த்த 900 கிலோ கரிமம் தங்கவேண்டும். நம் வெயிலில் போட்டதில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் நுண்ணுயிர் தின்று காற்றில் விட்டுவிடும். ஐந்தில் ஒரு பங்கு தங்கினாலே பெரிய காரியம். அந்த 0.1ஐ எட்டப் பத்து டன்னுக்கு மேல் தழையும் எருவும் வேண்டும். ஒரு போகத்தில் ஆகிற வேலை இல்லை இது. ஐந்து, பத்து வருஷ வேலை.

ஐந்து, பத்து வருஷம் அந்த நிலம் தன் கையில் இருக்கும் என்ற நிச்சயம் இருப்பவர்தான் இதைச் செய்வார். டெல்டாவில் ஏராளமான நிலம் வாய்மொழிக் குத்தகையில் இருக்கிறது. கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் வேலை பார்ப்பவர் நிலம். அடுத்த வருஷம் இந்த வயல் யாருக்கு என்று தெரியாத குத்தகைக்காரரிடம் மண்ணை வளர்க்கச் சொல்வது நியாயமில்லை. குத்தகையைப் பத்து வருஷத்துக்கு எழுத்தில் கொடுத்தாலே பாதி வயல்களுக்கு எரு வந்து சேரும் என்று நான் நம்புகிறேன். மண்வளத் திட்டங்கள் எதிலும் இது இடம்பெறுவதில்லை.

கையில் காசு இல்லாதவருக்கும் எட்டுகிற வழி பசுந்தாள் உரம். கோடை மழையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும்போது, 45 நாளில் மடக்கி உழுதால் கொள்முதல் செலவில்லாத எரு. களரிலும் அது வளரும். சணப்பை, கொழுஞ்சி, மணிலா அகத்தி என்று மண்ணுக்கேற்ற மாற்றும் உண்டு. தமிழக அரசு 2024ல் அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் விதை தருவதும் ஒரு பகுதி. மேட்டூர் திறக்கும் தேதிக்கும் குறுவை நாற்றுக்கும் நடுவில் அந்த 45 நாள் கிடைக்கிறதா என்பதுதான் ஒவ்வொரு வருஷமும் எழும் கேள்வி. விதை கையில் வருவது சித்திரையிலா, ஆனி பிறந்த பிறகா என்பதில் எல்லாம் இருக்கிறது.

கிடை

சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு டெல்டாவுக்கு வருவார்கள். பகலெல்லாம் தாளிலும் வரப்பிலும் மேயும். ராத்திரி யார் கேட்டிருக்கிறாரோ அவர் வயலில் வலையடித்துக் கிடை போடுவார்கள். நெல்லாகவோ பணமாகவோ கூலி. புழுக்கை மட்டுமில்லை, நீரும் வயலிலேயே இறங்குகிறது. தொழுவத்தில் வீணாகப் போகிற அந்த நீரில்தான் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் மிகுதி. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்பார்கள். புழுக்கை சீக்கிரம் மக்கிச் சத்தை விடும், சாணம் நின்று நிதானமாகத் தரும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த வேளாண் கையேடும் சொன்னதில்லை. ஒவ்வொரு ராத்திரியும் வலை கொஞ்சம் நகரும். அறுவடைக்குப் பிந்தைய பருத்தி, உளுந்து, நகர்ந்து வரும் மனைப்பிரிவுகள் எல்லாவற்றுக்கும் நடுவே மந்தைக்கு வழி குறுகிக்கொண்டே வருகிறது. வீட்டுப் பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட, ஆடு ஓட்ட ஆளில்லாமல் தவிக்கும் கீதாரிகளும் உண்டு.

கிடை போட்ட வயலை அடுத்த சம்பாவில் போய்ப் பார்க்கவேண்டும். நட்ட இருபத்தைந்தாம் நாள் வரப்பில் நின்றால் போதும். வலையடித்திருந்த இடம் வரைக்கும் பயிர் கருகருவென்று நிற்கும். வலை எட்டாத இடத்திலிருந்து வெளிறத் தொடங்கும். பணம் போதாமலோ, மந்தை அடுத்த ஊருக்குப் போகவேண்டியிருந்ததாலோ, கடைசி ராத்திரிக் கிடை எந்த இடத்தில் நின்றது என்பதைப் பயிரே கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்.